சேலையூரிலிருந்து 500 ரூபாய்க்குள் குடும்பத்தோடு எங்கே போகலாம், எங்கே சாப்பிடலாம்?

சேலையூர்_புதுசு

வணக்கம். கேம்ப் ரோடு பக்கம் புதிதாகக் குடி வந்திருக்கிறோம். ஐந்து பேர்: நான், மனைவி, அம்மா, மகள், மகன். மகளுக்கு வயது 9, மகனுக்கு 4. அம்மாவுக்கு 68, முழங்கால் வலி உண்டு. சமதளம் என்றால் ஒரு கிலோமீட்டர் நடப்பார், படி ஏறுவது கஷ்டம். அவர் சைவம், நாங்கள் எல்லாம் சாப்பிடுவோம். கார் கிடையாது.

மாதத்தில் இரண்டு ஞாயிறு, அரை நாள் வெளியே போய்வர வேண்டும். போக்குவரத்து, சாப்பாடு எல்லாம் சேர்த்து 500 ரூபாய்க்குள். மால் வேண்டாம், மெரினா வேண்டாம். வண்டலூர் ஜூ இந்தக் கணக்குக்குள் வருமா? கோயில், ஏரி, மலை என்று தாம்பரத்தைச் சுற்றி என்னென்ன இருக்கிறது? வயிற்றைக் கெடுக்காத மலிவான சாப்பாட்டுக்கு எந்தப் பக்கம் போகலாம்? நேரம், செலவு, எதில் ஏமாறுவோம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் உதவியாக இருக்கும்.

தாம்பரம்_லோக்கல்

500 ரூபாய் தாராளமாகப் போதும், ஆட்டோவைத் தவிர்த்தால். இந்தப் பக்கத்தில் பணம் கரைவது இடத்திலோ சாப்பாட்டிலோ இல்லை, ஆட்டோவில்தான். அதனால் முதலில் ரயில் பாதையை ஒட்டிய இடங்களாக யோசியுங்கள்.

உங்கள் குடும்ப அமைப்புக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. மாநகரப் பேருந்தில் வெள்ளைப் பலகை மாட்டிய, முன்பக்கம் பிங்க் அடித்த சாதாரண பஸ் என்றால் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மனைவி, அம்மா, மகள் மூவருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஐந்து வயது வரை குழந்தைக்கும் இலவசம். ஆக கேம்ப் ரோட்டிலிருந்து தாம்பரம் கிழக்கு வரை ஐந்து பேரும் உங்கள் ஒரு டிக்கெட்டில் வந்துவிடலாம். ஆனால் கண்டக்டரிடம் கேட்டு இலவச டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். செக்கிங் வந்தால் அதைத்தான் கேட்பார்கள். அவசரத்தில் டீலக்ஸ் பஸ்ஸில் ஏறினால் மூவருக்கும் காசு கொடுத்து டிக்கெட் எடுக்க வேண்டும். ஷேர் ஆட்டோ இன்னும் மோசம்: தலைக்கு இவ்வளவு என்று கணக்கு, மடியில் உட்காராத குழந்தைக்கும் கேட்பார்கள். பத்து நிமிடம் பொறுத்தால் பஸ் வந்துவிடும்.

ரயிலில் தாம்பரத்திலிருந்து பரங்கிமலை வரைக்கும், இந்தப் பக்கம் வண்டலூருக்கும் சாதாரண வண்டியில் 5 ரூபாய். மகளுக்கும் 5 ரூபாய்தான், ஏனென்றால் அரை டிக்கெட்டுக்கும் குறைந்தபட்சக் கட்டணம் அதுவே. மகனுக்கு டிக்கெட் வேண்டாம். போக 20, வர 20.

செல்போன் ஆப்பில் எடுப்பதாக இருந்தால் ஸ்டேஷனுக்குள் நுழையும் முன்பே எடுங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் போய்விட்டால் ஜி.பி.எஸ். பார்த்து டிக்கெட் தராது. உள்ளே வந்துவிட்டால் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்துதான் எடுக்க முடியும். எடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். வீட்டில் உட்கார்ந்துகொண்டு எடுத்துவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திருந்து நேரம் தாண்டிவிடுவது சர்வ சாதாரணம்.

இரண்டு விஷயத்தில் கவனம். ஒன்று, கடற்கரை–செங்கல்பட்டுப் பாதையில் 2025 ஏப்ரலிலிருந்து ஏசி மின்சார ரயிலும் ஓடுகிறது. அதில் குறைந்தபட்சக் கட்டணமே 35 ரூபாய். கதவு திறந்திருக்கிறது, காலியாக இருக்கிறது என்று 5 ரூபாய் டிக்கெட்டோடு ஏறினால் அபராதம். இரண்டு, ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு. பராமரிப்பு வேலை என்று சில மணி நேரம் நிறுத்தியும் வைப்பார்கள். அறிவிப்பு முந்தின நாளே வந்துவிடும், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். தாம்பரத்துக்குத் தெற்கே, அதாவது செங்கல்பட்டுப் பக்கம், இடைவெளி இன்னும் அதிகம்.

இடம் என்று கேட்டால் என் முதல் ஓட்டு பரங்கிமலைக்கு. நுழைவுக் கட்டணம் இல்லை. உச்சியில் 1523-இல் போர்ச்சுக்கீசியர் கட்டிய தேவாலயம். மீனம்பாக்கத்தில் விமானம் இறங்குவதும் ஏறுவதும் மேலிருந்து தெளிவாகத் தெரியும். நான்கு வயதுப் பையனுக்கு அது ஒன்றே போதும். மேலே போகப் படிகள் உண்டு. ஆர்மீனிய வணிகர் பெட்ரஸ் உஸ்கான் 18-ஆம் நூற்றாண்டில் கட்டியவை, சைதாப்பேட்டை மர்மலாங் பாலம் கட்டினாரே, அதே ஆள். அம்மாவுக்குப் படி வேண்டாம், மலை உச்சி வரைக்கும் வண்டிப் பாதை இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஜி.எஸ்.டி. சாலையை, அதாவது கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டைத் தாண்டி சுமார் இரண்டு கிலோமீட்டர். ஐந்து பேரும் ஒரே ஆட்டோவில் உச்சிக்குப் போய்விடுங்கள். இந்த ஒரு ஆட்டோவுக்குத்தான் நான் சம்மதிப்பேன். 120–150 கேட்பார்கள். “அடிவாரம் வரைக்குமா, உச்சி வரைக்குமா” என்பதை ஏறும் முன்பே பேசி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் வளைவில் நிறுத்திவிட்டு மேலே போக 50 கூடக் கேட்பார்கள்.

மதியம் போகாதீர்கள், கருங்கல் கொதிக்கும். மாலை நாலரைக்கு மேலே போனால் ஆறு மணி வரை உட்காரலாம். உள்ளே பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கும், பிள்ளைகளை வெளி முற்றத்தில் விளையாட விடுங்கள்.

மாடம்பாக்கத்துக்காரன்

வீட்டுக்கு இவ்வளவு பக்கத்தில் வைத்துக்கொண்டு பரங்கிமலை வரை ஏன் போக வேண்டும்? ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பிலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டரில் மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் இருக்கிறது. ராஜராஜனின் அப்பா சுந்தர சோழர் காலத்துக் கோயில், இப்போது மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில். விமானத்தைப் பின்பக்கமாகச் சுற்றி வந்து பாருங்கள். சதுரமாக இருக்காது, பின்னால் வளைந்திருக்கும். யானை படுத்திருக்கும்போது அதன் முதுகு எப்படி இருக்கும், அந்த வடிவம். தூங்கானை மாடம் என்பார்கள்.  மகளுக்கு 9 வயது என்றால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து அந்த வளைவை வரையச் சொல்லுங்கள், அரை மணி நேரம் சத்தமே இருக்காது.

அம்மாவுக்கு வசதி: எல்லாம் சமதளம், படி ஏற்றம் இல்லை. புல்வெளி பராமரிப்பும் நன்றாக இருக்கும். வெயில் நேரத்தில் வெளிப் பிராகாரத்துக் கல் சுடும், காலில் சாக்ஸ் போட்டுக்கொள்வது நல்லது.

நேரம்தான் முக்கியம். இங்கே தூண் ஒன்றில் சரபேஸ்வரர் இருக்கிறார். ஞாயிறு ராகு காலம், அதாவது மாலை 4.30 முதல் 6 வரை, அவருக்கு வழிபாடு. அந்த ஒன்றரை மணி நேரம் கூட்டம் நெருக்கும். அம்மாவுக்கு அது வேண்டும் என்றால் 4 மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். நிதானமாகக் கோயிலைப் பார்க்க வேண்டும் என்றால் ஞாயிறு காலை 8 மணி. மதியம் நடை சாத்தியிருக்கும்.

காலையில் போனால் திரும்பும் வழியில் ஏரி ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். மாடம்பாக்கம், செம்பாக்கம், சிட்லபாக்கம் என்று அடுத்தடுத்து இருக்கின்றன. நடக்க சிட்லபாக்கம் ஏரிக்கரை வசதி, பாதை போட்டிருக்கிறார்கள். பறவை பார்க்க ஒரு சூட்சுமம்: மழை முடிந்த கையோடு டிசம்பரில் போனால் தண்ணீர் நிறைந்திருக்கும், நாமக்கோழி, முக்குளிப்பான், நீர்க்காகம் மாதிரி நீந்துகிற பறவைகள்தான் இருக்கும். நெடுங்கால் உள்ளான், நாரை போன்ற நடந்து மேய்கிறவை வர வேண்டுமானால் தண்ணீர் வற்றிக் கரையோரம் சேறு தெரிய வேண்டும். அது பிப்ரவரி, மார்ச். ஆகாயத்தாமரை மூடிய பக்கம் நின்றால் ஒன்றும் தெரியாது, தண்ணீர் திறந்து கிடக்கும் பக்கமாகப் போங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் எந்த ஏரிக்கரையும் வேண்டாம், கொசு தூக்கிக்கொண்டு போய்விடும்.

பயணப்பை

ஜூ பற்றி யாரும் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். 500-க்குள் வராது. பெரியவர்களுக்கு 2023-லேயே 200 ரூபாய் ஆக்கிவிட்டார்கள். நீங்கள் மூன்று பெரியவர்கள், வாசலிலேயே 600. அதற்கு மேல் பேட்டரி வண்டி தனி டிக்கெட், சஃபாரி தனி டிக்கெட். உங்கள் அம்மாவுக்குப் பேட்டரி வண்டி இல்லாமல் நடக்காது. 1855-இல் எழும்பூர் மியூசியம் வளாகத்தில் ஆரம்பித்த மிருகக்காட்சிசாலைதான் இடம் பத்தாமல் பின்னாளில் இங்கே வந்தது, 1985-இல் திறந்தார்கள். இப்போது 602 ஹெக்டேர். கூண்டுக்குக் கூண்டு நடை. மொத்தச் செலவு ஆயிரத்தைத் தாண்டும்.

அதனால் அதை மாதாந்திரக் கணக்கில் சேர்க்காமல், வருடத்துக்கு ஒரு முறை என்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். போகிற நாளில் 9 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். புலி, சிங்கம் எல்லாம் பத்தரைக்கு மேல் நிழலில் படுத்துவிடும், அப்புறம் பார்ப்பது வாலை மட்டும்தான். செவ்வாய் விடுமுறை. டிக்கெட்டை ஆன்லைனில் எடுத்துவிட்டால் வாசல் வரிசை மிச்சம். பையைத் திறந்து பிளாஸ்டிக் தேடுவார்கள், எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டுபோங்கள். நவம்பருக்கு மேல் உள்ளேயே ஓட்டேரி ஏரிக்கு வலசைப் பறவைகள் வரும், அதைப் பலர் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள்.

பொங்கல் விடுமுறையில், குறிப்பாகக் காணும் பொங்கல் அன்று, அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள்.

சாப்பாட்டு_ராமன்

சாப்பாட்டுக்கு வர்றேன். கடைப் பேர் சொல்ல மாட்டேன், காரணம் இருக்கு. இந்த ரக கடைகள்ல ருசி மாஸ்டர் கையில. மாஸ்டர் ஊருக்குப் போனா, இல்ல எதிர்க் கடைக்காரன் ரெண்டாயிரம் கூடக் கொடுத்தா, அடுத்த மாசம் அதே போர்டுக்குக் கீழ வேற சாப்பாடு. எந்தத் தெரு, எந்த நேரம், எதைப் பார்க்கணும்னு தெரிஞ்சா போதும்.

தெரு: ஜி.எஸ்.டி. ரோட்டு முகப்புல இருக்கிற ஓட்டல்ல வாடகையும் சேர்த்துத்தான் தோசை விலை. ஒரு தெரு உள்ள போங்க. மேற்குத் தாம்பரத்துல சண்முகம் ரோடு மார்க்கெட்டைச் சுத்தின சந்துகள், குரோம்பேட்டையில ராதா நகர் பக்கம், உங்களுக்குப் பக்கத்துல கேம்ப் ரோடு சந்திப்புல சாயங்காலம் போடுற தள்ளுவண்டிகள். கடைக்காரங்களும் ஆட்டோக்காரங்களும் நின்னு சாப்பிடுற இடமா பாருங்க, தினமும் வர்றவன் ஒரு நாள் வயிறு கெட்டா மறுநாள் வர மாட்டான்.

நேரம்: மதிய சாப்பாட்டுக்குக் குடும்பத்தோட போகாதீங்க, அங்கதான் பட்ஜெட் உடையும். புல் மீல்ஸ் அஞ்சு பேருக்கு 500-ஐத் தொடும், சின்னப் பையன் நாலு வாய்தான் சாப்பிடுவான், ஆனா இலை போட்டா காசு. மூணரைக்குக் கிளம்பி ஏழரைக்கு டிபன் சாப்பிட்டுட்டு வீட்டுக்குப் போற மாதிரி வச்சுக்குங்க. சுமாரான சைவ ஓட்டல்ல இட்லி, தோசை, பொங்கல்னு அஞ்சு பேருக்கு 250–300 ஆகும். தள்ளுவண்டியில அதுவே 150–180. தோசையில பெயர் நீள நீள விலை ஏறும், மாவு ஒண்ணுதான். பிள்ளைங்களுக்கு ஊத்தப்பம் சொல்லி ரெண்டா வெட்டித் தரச் சொல்லுங்க.

வயிறு எதனால கெடுது? எல்லாரும் எண்ணெயைக் குத்தம் சொல்வாங்க. தள்ளுவண்டியில முதல் குற்றவாளி தண்ணி, ரெண்டாவது தேங்காய்ச் சட்னி. சாயங்காலம் அஞ்சு மணிக்கு அரைச்ச சட்னி ஏப்ரல், மே வெயில்ல ஒன்பது மணிக்கு நுரை கட்டும். கரண்டியால கிளறும்போது ஓரத்துல சின்னச் சின்னக் குமிழ் தெரிஞ்சா தொடாதீங்க, காரச் சட்னியோ சாம்பாரோ போதும். கொதிச்சுக்கிட்டே இருக்கிற சாம்பார் பாதுகாப்பு. வீட்டுத் தண்ணிய ரெண்டு பாட்டில் கொண்டுபோயிடுங்க, 40 ரூபாயும் மிச்சம்.

பஜ்ஜிக் கடையில எண்ணெயைப் பார்த்துட்டுச் சொல்லுங்க. நாலரை மணிக்கு முதல் ஈடு போடும்போது எண்ணெய் தெளிவா இருக்கும். மாவு போட்டதும் நுரை பொங்கி வாணலி ஓரம் வரைக்கும் வந்து அடங்காம நின்னா, அது நேத்து எண்ணெய். நிறத்தை வச்சு மட்டும் முடிவு பண்ண முடியாது, மிளகாய்ப் பொடி கலந்த மாவு எண்ணெயைச் சீக்கிரம் சிவப்பாக்கும். நுரையும் புகையும்தான் அடையாளம். நியூஸ் பேப்பர்ல வச்சுக் கொடுத்தா மை ஒட்டும், பேப்பர்ல உணவு கொடுக்கக் கூடாதுன்னே விதி இருக்கு. இலையோ தட்டோ கேளுங்க, கொடுப்பாங்க.

பிரியாணி. பாய் கடையில மதியம் பன்னிரண்டு வாக்குல டேக்சா, அதாவது பிரியாணி வேகுற பெரிய பாத்திரம், திறப்பாங்க, சில கடையில சாயங்காலம் ஏழுக்கு இரண்டாவது டேக்சா. திறந்து அரை மணி நேரத்துக்குள்ள வாங்கறதுதான் பிரியாணி. மூணு மணிக்கு அடியில இருக்கிறது எண்ணெயும் உடைஞ்ச அரிசியும். மூணு பேர் சாப்பிடறீங்கன்னா ஒரு சிக்கன் பிரியாணி, ரெண்டு குஸ்கா. குஸ்கா அதே டேக்சா சோறுதான், கறி மட்டும் கிடையாது, விலை கிட்டத்தட்டப் பாதி. இப்போ சாதாரணக் கடையில பிரியாணி 130–150, குஸ்கா 70–80 இருக்கும். தால்ச்சாவும் தயிர் வெங்காயமும் காசு இல்லாம வரும், ஆனா பார்சல்ல மறந்துடுவாங்க, கட்டும்போது பக்கத்துல நின்னு கேளுங்க. அம்மா சைவம்னு சொன்னீங்க. பிரியாணிக் கடையில “வெஜ் இருக்கு”ன்னு சொல்றதை நம்பி அவங்களை உட்கார வைக்காதீங்க, கரண்டி ஒண்ணுதான். பிரியாணியை வீட்டுக்குப் பார்சல் வாங்கிட்டு, அம்மாவுக்கு வழியில இட்லி வாங்கிடறதுதான் மரியாதை.

பரோட்டா ராத்திரி ஏழுக்கு மேல. கல்லுல போட்டு எடுத்து, அடுக்கி ரெண்டு கையாலயும் தட்டறதைப் பாருங்க. தட்டினதும் இதழ் பிரிஞ்சா புதுசு. முன்னாடியே போட்டு மூடி வச்சதைச் சூடு பண்ணித் தந்தா ரப்பர் மாதிரி இழுக்கும், நாலு வயசுப் பையனால மெல்ல முடியாது. அந்தப் பழைய பரோட்டா கொத்துக்குத்தான் போகும், அதனால கொத்து பரோட்டா நல்லா இருக்குன்னா கடை நல்ல கடைன்னு அர்த்தம் இல்ல.

கரும்பு ஜூஸ்ல ஐஸ் வேண்டாம்னு சொல்லிடுங்க. மீன் வண்டிக்குப் போற அதே கட்டி ஐஸ் இங்கயும் வரலாம். ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் நுங்கு கிடைக்கும், சீவி அப்பவே எடுத்துக் கொடுக்கிற வண்டியா பார்த்து வாங்குங்க, ஏற்கெனவே எடுத்துக் கவர்ல கட்டி வச்சது வேண்டாம். நுங்கைக் கட்டை விரலால அமுக்கினா குழையணும். கெட்டியா இருந்தா முத்தல், பிள்ளைங்களுக்கு வயிறு வலிக்கும்.

பல்லாவரம்_பழசு

ஞாயிறு என்று கேட்டிருக்கிறீர்கள், ஆனாலும் பள்ளி விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமையை ஒதுக்குங்கள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை, பழைய டிரங்க் ரோட்டில், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரம். வெள்ளைக்காரன் காலத்திலிருந்து நடக்கிறது. பழைய கிராமபோன், பித்தளைப் பாத்திரம், கழற்றிப் போட்ட மோட்டார், கதவு, ஜன்னல், மண் தொட்டி, செடி, துணி, காய்கறி என்று கிடைக்காத பொருள் இல்லை. சுற்றிப் பார்க்கக் காசு கிடையாது. காலை எட்டு மணிக்குள் போய்ப் பத்தரைக்குள் வெளியே வந்துவிடுங்கள். அதற்கு மேல் வெயிலும் நெரிசலும் சேர்ந்துவிடும், நான்கு வயதுப் பிள்ளையை வைத்துக்கொண்டு முடியாது. அம்மாவை அழைத்துப் போக வேண்டாம், உட்கார இடமே இல்லை.

செடி வாங்குவதுதான் இங்கே லாபம். ரோஜா என்றால் பூத்துக் குலுங்குவதை எடுக்காதீர்கள். பூவைக் காட்டித்தான் விற்பார்கள், வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் எல்லாம் உதிர்ந்துவிடும், அப்புறம் இரண்டு மாதம் குச்சிதான். சிவந்த இளந்தளிர் மூன்று நான்கு இடத்தில் வந்திருக்கும் செடியாகப் பாருங்கள். கறுப்புக் கவரின் அடியில் வேர் எட்டிப் பார்க்க வேண்டும். தண்டைப் பிடித்து மெதுவாக ஆட்டினால் மண்ணோடு சேர்ந்து அசைய வேண்டும், தண்டு மட்டும் தனியாக ஆடினால் நேற்று நட்ட பதியன். விலையில் பாதிக்குக் கேட்கத் தயங்காதீர்கள், மூன்று செடி சேர்த்துக் கேட்டால் இறங்குவார்கள். பத்தரைக்கு மேல் வாடிய செடி இன்னும் மலிவாகக் கிடைக்கும், அது வேண்டாம்.

மின்சாரச் சாமான் என்றால் மிக்சி, அயர்ன் பாக்ஸ் எதுவானாலும் அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். “வீட்டில் போட்டால் ஓடும்” என்கிற பொருள் எந்த வீட்டிலும் ஓடாது. பறவை விற்பார்கள், பிள்ளைகள் அடம்பிடிப்பார்கள். லவ் பேர்ட்ஸ் பரவாயில்லை, பச்சைக்கிளி வேண்டாம். அது 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், வாங்குகிறவருக்கும் சேர்த்து.

அடுத்து திருநீர்மலை. பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகப் போகலாம். திவ்ய தேசம். அடிவாரத்தில் நீர்வண்ணப் பெருமாள் நின்ற கோலம். மலை மேல் நரசிம்மர் இருந்த கோலம், ரங்கநாதர் கிடந்த கோலம், உலகளந்த பெருமாள் நடந்த கோலம். நான்கு கோலமும் ஒரே ஊரில். மலைக்கு இருநூறு படிகளுக்கு மேல். உங்கள் அம்மா கீழே நீர்வண்ணரைச் சேவித்துவிட்டுக் குளத்தங்கரை மண்டபத்தில் உட்காரட்டும், நீங்கள் பிள்ளைகளோடு ஏறிவிட்டு வாருங்கள். மதியம் நடை சாத்திவிடும், மாலை நாலரைக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது இருட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மகன் தூங்கிவிட்டால் தூக்கிக்கொண்டு இறங்குவது யார் என்று முன்பே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

சேலையூர்_புதுசு

எல்லாருக்கும் நன்றி. முதலில் மாடம்பாக்கம் காலை, அடுத்து பரங்கிமலை மாலை என்று வைத்திருக்கிறேன். இரண்டு சந்தேகம். பரங்கிமலை முடித்துவிட்டுச் சாப்பாட்டை அங்கேயே வைத்துக்கொள்வதா, தாம்பரம் வந்து சாப்பிடுவதா? மழை நாளிலோ கத்திரி வெயிலிலோ கூரைக்குள் இருக்கிற மாதிரி இடம் ஏதாவது உண்டா?

தாம்பரம்_லோக்கல்

தாம்பரம் வந்துவிடுங்கள். ஞாயிறு மாலை ஆறரைக்கு மேல் பரங்கிமலையில் தாம்பரம் வண்டிக்குக் கூட்டம் ஏறும், மெட்ரோவில் வந்து இறங்குகிறவர்களும் அங்கேதான் மாறுகிறார்கள். சாப்பிட்டுவிட்டு ஏழரைக்கு ஏறினால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்காது. ஆறுக்கே இறங்கிவிடுங்கள். நீங்கள் மகளோடு படியில் இறங்கி நடந்து வரலாம், மற்ற மூவரும் ஆட்டோவில். இறக்கத்துக்கு ஆட்டோ மேலே நிற்கும் என்று நம்ப வேண்டாம், ஏறும்போதே வந்தவரிடம் ஒரு மணி நேரம் கழித்து வரச் சொல்லி வைத்தால் வருவார். அப்படிச் செய்தால் ஆட்டோ 270, ரயில் 40, பஸ் 15 வரை, மிச்சம் 175. தள்ளுவண்டி இட்லி–தோசைக்குச் சரியாக இருக்கும்.

இன்னும் இறுக்க வேண்டுமானால் மலையிலிருந்து இறங்கியதும் அம்மா உணவகம். ஆலந்தூர் மண்டலம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வருகிறது, அங்கே உண்டு. இட்லி ஒரு ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், இரவில் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய். இட்லி, பொங்கல் காலையில் மட்டும், சாதம் மதியம் மட்டும். சப்பாத்தி சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் அதை நம்பி ஐந்து பேரைப் பட்டினி போடாதீர்கள்.

பயணப்பை

கூரைக்குள் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகம். தாம்பரத்திலிருந்து எழும்பூருக்கு நேர் வண்டி, 10 ரூபாய். மகளுக்குப் பாதி. போக வர 70. ஸ்டேஷனிலிருந்து ஒரு கிலோமீட்டர் போல நடை, அம்மாவுக்கு அது எல்லைக்கோடு, மழை என்றால் ஆட்டோதான். உள்ளே பெரியவர்களுக்கு 15, சிறுவர்களுக்கு 10 என்ற அளவில்தான் கட்டணம். வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒரே நாளில் எல்லாக் கட்டடத்தையும் பார்க்க முயன்றால் பையன் அழுவான், அம்மாவுக்கும் கால் விட்டுப்போகும். திமிங்கில எலும்புக்கூடு இருக்கும் விலங்கியல் பிரிவு, அமராவதிச் சிற்பங்கள், செப்புத் திருமேனிகள், இவற்றில் இரண்டு போதும். செப்புத் திருமேனிக் கூடம் மாடிகளில் பரவியிருக்கிறது, அம்மா கீழ்த்தளத்தோடு நின்றுகொள்ளலாம்.

பல்லாவரம்_பழசு

அதோடு ஒரு சின்ன விஷயம். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில்தான் பழைய கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்தார். அவர் சேகரிப்பைப் பின்னாளில் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. தொல்பழங்காலப் பிரிவுக்குப் போனால் மகளிடம் காட்டுங்கள், நீங்கள் செடி வாங்கப் போகிற ஊர்ப் பெயர் பலகையில் இருக்கும்.

சாப்பாட்டு_ராமன்

எழும்பூர் போனா அங்க ஸ்டேஷன் எதிர்ல சாப்பிடாதீங்க, வெளியூர்க்காரங்களுக்குப் போடுற விலை அது. தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கிட்டுப் போங்க. புளிக்காம இருக்கணும்னா சாதம் சூடா இருக்கும்போதே குழைச்சு, பாதிக்கு மேல பால் ஊத்தி, ரெண்டே ஸ்பூன் தயிர் போதும், ஒரு மணிக்குச் சாப்பிடும்போது சரியா உறைஞ்சிருக்கும். மியூசியம் கட்டடத்துக்குள்ள பிரிக்கக் கூடாது, வளாகத்துல மரத்தடியில உட்காருங்க. காக்கா ஜாஸ்தி, டப்பா மூடியைக் கையிலயே வச்சுக்குங்க.